ஆறு வீதப் பத்திரத்தின் பத்துக் கூப்பன்கள்

விடுதியில் இருந்த மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் நினைத்தபோது வந்தார்கள். என் அப்பா வரும் நாளை அரசாங்கம் அச்சடித்து வைத்திருந்தது.

அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அவள் நகைகளை விற்ற மூவாயிரம் ரூபாய்க்கு அப்பா அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கினார். ஆறு வீத வட்டி. அரை வருடத்துக்குத் தொண்ணூறு ரூபாய். இரத்தினபுரி கன்னியர் மடத்துப் பள்ளி விடுதிக் கட்டணத்துக்கு அது சரியாகப் போயிற்று. பத்திரத்தின் கீழே வரிசையாகக் கூப்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. ஜூனிலும் டிசம்பரிலும் அதற்குரிய கூப்பனை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வெட்டிக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும்.

அப்பா பலாங்கொடை பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்து உள்ள காகிதத்தில் கைபட்டால் செல்லாமல் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால் மஞ்சள் துணியில் முடிந்ததை அப்படியே கொண்டுபோவார். முடிச்சை அவிழ்ப்பதும், கூப்பனை வெட்டுவதும், திரும்ப முடிவதும் கிளார்க்கின் வேலை. பிறகு தொதல் இனிப்புப் பொட்டலத்தோடு விடுதிக்கு வருவார். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டாயா என்று இரண்டு தடவை கேட்பார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். சித்திரை விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போவதுண்டு. ஆனால் அங்கே அவர் கடைக்குச் சொந்தம். அந்த அரை மணி நேரம் மட்டும்தான் எனக்குச் சொந்தம்.

எனக்குப் பத்து வயதானபோது தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து கிடந்தன. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சேலை வாங்க ஆள் இல்லை. கடைக்குக் கடன் கொடுத்திருந்த செட்டியார், முதல் தொகையை ஜூனுக்குள் திருப்பிக் கேட்டார். கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு விழித்திருப்பதைவிட, கவர்மென்டுக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்பது அவர் வாதம். காசுள்ளவர்கள் எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். பஜாரில் புழங்க வேண்டிய பணம் பத்திரம் பத்திரமாகக் கஜானாவுக்குப் போனது. பஜாரில் மிஞ்சிய காசுக்கு வட்டி ஏறியது. கடன் கொடுக்க இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே என்று அரசாங்கம் புதுப் பத்திரத்தின் வட்டியை மூன்றரை ஆக்கியது. உடனே பழைய ஆறு வீதக் காகிதத்துக்குக் கிராக்கி. நூறு ரூபாய்ப் பத்திரம் நூற்றெட்டுக்குப் போனது. பின்னாளில் இதையெல்லாம் விளக்கிக் குறிப்பெழுதுவதற்கே அரசாங்கம் எனக்கு முப்பது வருடம் சம்பளம் தந்தது. அப்பாவுக்கு விளக்க அப்போது கடையில் கூட இருந்த சித்தப்பா மட்டும்தான் இருந்தார்.

“நூத்தியெட்டு குடுக்கிறானுங்கண்ணே. இப்பவே வித்துப்புடுவோம்.”

“நூறுன்னு அச்சடிச்சதுக்கு எவன்டா மேல எட்டு குடுப்பான்? ஒண்ணு அவன் களவாணி, இல்லாட்டி நீ களவாணி.”

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய பத்திரங்களை நூற்றுக்கு நூறாகவே ஜூனில் திருப்பி எடுப்பதாக அறிவித்தல் வந்தது. மூன்றரை வீதப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது காசாக வாங்கிக்கொள்ளலாம். சித்தப்பா அதை உரக்க வாசித்துவிட்டு, “எட்டு போச்சுண்ணே. இப்ப யாரு களவாணி?” என்றார். அப்பா காசாக வாங்கிச் செட்டியாருக்குக் கட்டிவிடுவதென்று மட்டும் முடிவு செய்தார்.

சித்திரை விடுமுறைக்கு வந்திருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரம் போனால் தேதியும் போகும். தேதி போனால் அப்பா எதற்காக இரத்தினபுரிக்கு வருவார்? மறுநாள் மத்தியானம் அவர்கள் கடையில் இருந்தபோது பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். ஜூன் கூப்பனை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பத்தையும் தையல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். பத்துக் கூப்பன், பத்துத் தடவை. என் கணக்கில் பிழை இல்லை.

ஜூனில் கிளார்க் முடிச்சை அவிழ்த்தார். முதிராத கூப்பன் குறைந்தால் அதன் தொகையை முதல் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மூவாயிரத்தில் தொள்ளாயிரத்தைப் பிடித்துக்கொண்டார். கூப்பன்களைக் கொண்டுவந்தால் கொடுப்போம் என்றார். நியாயமான விதிதான், நானே பல பேருக்கு அதைப் பிரயோகித்திருக்கிறேன்.

அன்று அப்பா தொதல் இல்லாமல் வந்தார்.

“பொட்டிய நீ தொட்டியா, பாப்பா?”

“இல்லீங்கப்பா.”

அவர் உடனே நம்பினார். நம்பியதில் அவர் முகம் இன்னும் இருண்டது. “அப்ப அவந்தான்,” என்றார்.

அவன் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. கூப்பன்களைக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை இல்லாமல் போகும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. சித்தப்பா அம்மன்மேல் சத்தியம் செய்தாராம்; எடுபடவில்லை. அந்த மாதமே தலைமன்னார் வழியாக இந்தியாவில் இருந்த ஊருக்கே போய்விட்டார். செட்டியார் குறைந்துபோன தொகைக்கு ஈடாகக் கடையில் பாதிச் சரக்கை எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் பிறந்த அன்று, அந்தத் தேதியிட்ட கூப்பனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காலையிலிருந்தே வாசலில் நின்றேன். மத்தியானம் தபால்காரர் விடுதிக் கட்டணத்துக்கு மணியோடர் கொண்டுவந்தார். அப்பா தேதியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஜூனிலும் அப்படியே நினைத்தேன். அவர் இரத்தினபுரிக்கு வந்த ஒவ்வொரு தடவையும் பலாங்கொடையில் அவருக்குப் பதிலாகக் கல்லாவில் உட்கார்ந்து அந்த நாளை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா என்பது எனக்குத் தோன்றவே இல்லை.