திரும்பி வந்த புத்தகங்கள்

எனக்குக் கடவுள் விஷயத்திலேயே பாதிதான் நிச்சயம், இதில் பேயை எங்கே போய் நம்புவது. ஐம்பது தாண்டிய எனக்கு இருக்கும் பயங்கள் சர்க்கரை, கொலஸ்ட்ரால், மைத்துனர் குடும்பத்தோடு ஊருக்கு வருவது, இவ்வளவுதான். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு எனக்கு வந்ததும் பயம் இல்லை, குமட்டல். அதை நினைத்தால் இப்போதும் காலை இட்லி இறங்குவதில்லை.

என் தொழில் கணினியில் தரகு பார்ப்பது. ஒன்றோடொன்று பேசாத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இவர் கேட்பதை அவரிடமும் அவர் சொல்வதை இவரிடமும் கொண்டுபோகிற நிரலை எழுதுவேன். சண்டை போட்டுக்கொண்ட அப்பா அம்மாவுக்கு நடுவில் "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்று ஓடுகிற பிள்ளை இருக்குமே, அந்தப் பிள்ளையைத் தயாரித்து விற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் ஒரு பழைய மன்றத்தின் நூலகத்துக்கு அப்படி ஒரு பிள்ளை தேவைப்பட்டது. வசதியான உறுப்பினர் ஒருவர், புத்தகத்தைத் திருப்பி வாங்கும் இயந்திரம் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்து வராந்தாவில் நிறுத்தியிருந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். இயந்திரம் அதிலுள்ள எண்ணைப் படித்து என் நிரலிடம் கேட்கும், என் நிரல் நூலகக் கணினியிடம் கேட்கும், "ஆமாம், வெளியே போன புத்தகம்தான்" என்று பதில் வந்தால் இயந்திரம் வாயைத் திறந்து விழுங்கி, வயிற்றிலுள்ள தொட்டியில் போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு.

நான் அங்கே போன சமயம் நூலகத்தில் வேறு ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூலகர் ஜரீனாவின் வேலை போகிற நிலைமை. சில புத்தகங்கள் அலமாரியில் இல்லை, கணினியோ இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய செயலாளர், பூஞ்சை தின்ற புத்தகங்களைச் சுண்ணாம்பு போட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் புதைக்கச் சொன்னார், புதைத்தேன் என்கிறார் ஜரீனா. வாயால் சொன்ன உத்தரவு. சொன்னவரும் இப்போது உயிரோடு இல்லை. புதிய செயலாளர் இதை நம்பத் தயாரில்லை. தோண்டிப் பார்க்கவும் தயாரில்லை, ஏனென்றால் குழி இருந்த இடத்தில் அவர் மனைவி ரோஜாப் பாத்தி போட்டிருந்தார்.

"ஏனுங்க, புஸ்தகத்துக்குக் கால் மொளச்சு நடந்து போயிருச்சுங்களா? பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்னு நாலு பேர் பேசறாங்க. நான் பேசலீங்க, நாலு பேர்," என்றார் செயலாளர், என் முன்னாலேயே.

"அந்த நாலு பேரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார், நானே டீ போட்டுத் தர்றேன்," என்றார் ஜரீனா. சொல்லிவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்த மேசை. சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அன்றோடு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

இனிமேல்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மறுநாள் முற்பகல், பனி கண்ணாடிக் கதவு வரை வந்து நின்றிருந்தது. நான் உள்ளே மடிக்கணினியில் சோதனை ஓட்டிக்கொண்டிருந்தேன். வராந்தா இயந்திரத்திலிருந்து கோரிக்கை வருகிறது, ஒரு புத்தகம் திரும்புகிறது என்று. கணினி "வெளியே போகாத புத்தகம்" என்கிறது, என் நிரல் மறுக்கிறது, வெளியே சிவப்பு விளக்கு. உடனே அடுத்த கோரிக்கை. எட்டிப் பார்த்தேன், வராந்தாவில் ஒரு ஆள் கிடையாது.

சரி, நம் கைவரிசைதான் என்று நினைத்தேன். என் நிரலில் பிழை இருப்பது அமானுஷ்யம் இல்லை, வழக்கம். ஆனால் வந்த எண்கள் சில்லின் எண்களே இல்லை. முதல் பக்கத்தில் மையால் முத்திரை குத்தி எழுதுவார்களே, நூலகத்தின் சொந்த எண், அவை. அந்த இயந்திரத்துக்குச் சில்லை மோப்பம் பிடிக்கத் தெரியும், அட்டையைத் தாண்டி எழுத்துப் படிக்கத் தெரியாது. அதற்குக் கண்ணே கிடையாது.

ஜரீனா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "சார், இது ரோஜா வளர்க்கிற புஸ்தகம். அடுத்தது ஒரு துரை வேட்டைக்குப் போன கதை. இதெல்லாம் சில்லு ஒட்டறதுக்கு முன்னாடியே புதைச்சது சார்." திரையில் விரலை மேலிருந்து கீழே ஓட்டி, "இந்த வரிசை... குழியில மேல இருந்து கீழ, நான் அடுக்கின அதே வரிசை," என்றார்.

இங்கேதான் என் மேதைமை வேலை செய்தது. பிழைதான் என்று அவருக்கு நிரூபிப்பதற்காக, எது வந்தாலும் வாங்கிக்கொள் என்று விதியை மாற்றினேன். ஒரே வரி. காலித் தொட்டிதானே இருக்கும், காட்டிவிடலாம் என்ற நினைப்பு.

வெளியே இயந்திரம் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொட்டியில் எதுவோ விழுந்தது. புத்தகம் விழுகிற சத்தம் இல்லை அது. ஊறப்போட்ட துணியைத் துவைகல்லில் போடுவது மாதிரி. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

கழிவறை கழுவும் தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நான்தான் தொட்டியைத் திறந்தேன். பக்கத்து ஊர் கேத்தியிலிருந்து கிளம்பி வழியில் நாலு நாள் நின்றுபோன முட்டைக்கோஸ் லாரியை முகர்ந்திருக்கிறீர்களா? அதற்குள் ஒரு நாயும் செத்திருந்தால் எப்படியோ அப்படி. புத்தகங்கள் முழுசாகத்தான் இருந்தன, ஆனால் அட்டைமேல் கோழை மாதிரி வழவழப்பு, விரித்த பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் அது நூலாக இழுத்தது, முதுகுத் தையலில் சுண்ணாம்பும் வெள்ளைப் புழுக்களும். முத்திரை தெளிவாக இருந்தது. சில்லு எதிலும் இல்லை. நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து செயலாளர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா! இத்தனை நாள் எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் கொண்டாந்து போட்டுட்டீங்க!"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கையாக இல்லை. அவர் என்னையும் கூட்டாளிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஜரீனா தோட்டக்காரரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார்.

"ஏனுங்க, ஏனுங்க! அது வீட்டம்மா வெச்ச செடிங்க!"

"திருடினு சொன்னீங்கள்ல சார். நின்னு பாத்துட்டுப் போங்க," என்று பூத்திருந்த ரோஜாவிலேயே முதல் வெட்டைப் போட்டார்.

தோட்டக்காரர் ஓடிவந்து கை கொடுத்தார். இடுப்பாழத்தில் சுண்ணாம்பு தட்டியது. அதற்குக் கீழே புத்தகங்கள். கூழாகிப் போனவை, ஆனால் மேலே இருந்ததன் முதல் பக்கம் படிக்கிற அளவுக்கு இருந்தது. ரோஜா வளர்ப்பு. அதே முத்திரை, அதே எண், அதே கையெழுத்து. தொட்டியில் கிடந்ததைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். செயலாளர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நூலகத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பிரதிதான் எப்போதும் இருந்தது.

"பொதைச்சது நெசந்தானுங்க," என்றார் கடைசியில். "தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்கம்மா." ஜரீனாவின் வேலை அந்த இடத்திலேயே நிலைத்தது. செயலாளர் குழியை மூடச் சொன்னார். சரி, தொட்டியில் கிடப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் நிர்வாகி, அமானுஷ்யத்தையும் நிர்வாகமாகத்தான் பார்ப்பார். "காயவெச்சு அடுக்கிருங்க. கமிட்டிக்குக் கணக்கு சரியாப் போச்சுங்களே, அப்பறமென்ன?"

துடைத்து, கணப்புப் பக்கத்தில் காயவைத்து, மூலை அலமாரியில் அடுக்கினார்கள். நாற்றமும் போய்விட்டது. நானும் விதியைப் பழையபடி மாற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். அந்தப் புத்தகங்களை உறுப்பினர்கள் எடுத்துப் போகிறார்கள். மற்றதையெல்லாம் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறவர்கள் இதை மட்டும் மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து விடுகிறார்களாம். ஒருவர் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாராம். ஏன் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.

போன மாதம் வேறு வேலையாகக் குன்னூர் போனவன் அங்கேயும் நுழைந்தேன். நல்ல மழை, நூலகமே ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மூலை அலமாரியில் மேல்தட்டுப் புத்தகங்களைத் தொட்டேன், விரல் விறைத்தது. கீழ்த்தட்டில் அவை. முதல் முறையாக வெறும் கையை வைத்தேன். இளஞ்சூடு. ஒருவர் அப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிப்போட்ட பனியன் மாதிரி, லேசாகப் பிசுபிசுப்பு.

கையை இழுத்துக்கொண்டேன். ஜரீனா தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"கழுவிட்டு வாங்க சார். சோப்பு உள்ள இருக்கு."

போனேன். குழாயடி மேடையில் பிரிக்காத சோப்புகளை, மளிகைக் கடை மாதிரி, என் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.