மூச்சை இழுத்துப் பிடிங்க

எக்ஸ்ரே படிக்க வருவதற்கு முன்னால் நான் புடவைக் கடையில் இருந்தேன். தி.நகரில் மாடிக்கு மேல் மாடியாக நிற்கும் கடைகளில் ஒன்று. எனக்குப் பட்டுப் பிரிவு. வருகிறவர்களின் தோளில் முந்தானையைப் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. துணி அவர்கள் மேல் படலாம், நம் விரல் படக்கூடாது. சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்தார். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை தானாகவே அடுத்தவர் உடம்புக்குக் கொஞ்சம் தள்ளி நின்று வேலை செய்யப் பழகிவிட்டது.

நின்று நின்று முழங்கால் கெட்டது. படம் எடுக்கப் போன இடத்தில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, என் காலை இரண்டு கைகளாலும் ஏந்தி, அடியில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகி, "இப்படி வெச்சா வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு என்னவோ செய்தது. பல வருஷமாக என் காலை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. மேற்கு மாம்பலத்துக்கு ஆட்டோவில் திரும்பும்போதே அந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. முப்பது வயதைத் தாண்டியவளுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். முழங்காலைக் காட்டினேன்.

வகுப்பில் நான்தான் எல்லோருக்கும் அக்கா. பாடம் எனக்குக் கஷ்டமாக இல்லை. செய்முறைதான் கஷ்டம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவரை நோயாளியாகவும் மற்றவரை டெக்னீஷியனாகவும் நிற்க வைப்பார்கள். மிஷின் அணைந்திருக்கும். படம் எடுப்பதில்லை, ஆளை நிறுத்தப் பழகுவது மட்டும்தான். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எங்கே, மார்பெலும்பின் பள்ளம் எங்கே, குனிந்தால் பின்கழுத்தில் முண்டிக்கொண்டு நிற்கும் எலும்பு எது என்று எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். துணிக்கு மேலேயே தடவிப் பார்த்துவிட்டு "இங்கேதான் மேடம்" என்பேன். ஒரு விரற்கடை தள்ளியிருக்கும்.

என் ஜோடி திருவல்லிக்கேணியிலிருந்து வரும் பெண். வீட்டில் உருது, வெளியில் சுத்தமான மெட்ராஸ் தமிழ். விலாவில் கை வைத்தாலே அவளுக்குக் கூச்சம். சிரித்துச் சிரித்து கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"அக்கா, நீ பயந்துகினே தொடுறியா, அதான் கூசுது. அழுத்தி வெய்யேன்" என்றாள் ஒருநாள்.

அழுத்தி வைத்தேன். சிரிப்பு நின்றது. கை முழுதும் உட்கார்ந்தால் உடம்பு அதை நம்பிவிடும், விரல் நுனி மட்டும் தயங்கித் தயங்கி ஊர்ந்தால் பதறும் என்பதை அன்றைக்கு அவளுடைய விலாவிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மார்புப் படத்துக்கு நிறுத்துவதுதான் அடிக்கடி வரும். நோயாளி மிஷினுக்கு முதுகைக் காட்டி, எதிரே உள்ள ஸ்டாண்டில் மார்பை ஒட்டி நிற்க வேண்டும். மோவாயைத் தூக்கி மேல் விளிம்பில் வைக்க வேண்டும். புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னால் தள்ளினால் முதுகின் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகி நுரையீரலுக்கு வழிவிடும். பிறகு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

நான் நோயாளியாக நின்ற ஒரு முறை, கதிர் படாமல் டெக்னீஷியன் நிற்கும் மறைப்புக்குப் பின்னால் அவள் போய், "மூச்சை இழுங்க, புடிங்க" என்றாள். பிடித்தேன். அதற்குள் யாரோ ஏதோ கேட்க, அவள் பேசப் போய்விட்டாள். முகத்துக்கு நேரே வெறும் பலகை. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கையும் காலும் நம்முடையவை மாதிரியே இல்லை. "விடலாமா?" என்று கேட்கக்கூட முடியாது, கேட்டால் மூச்சு போய்விடும். மூச்சு முட்டி வெளியே விட்டபோது அவள் ஓடி வந்து, "ஐயோ, சாரிக்கா, மறந்தே பூட்டேன்" என்று என் முதுகைத் தடவினாள். விளையாட்டாகத்தான் போயிற்று. ஆனால் அப்படி நிற்கிறவருக்குத் துணை பின்னாலிருந்து வரும் குரல் ஒன்றுதான் என்பது எனக்குள் தங்கிவிட்டது.

இரண்டாம் வருஷம் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்கள். எங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு டெக்னீஷியன் இருந்தார். நல்ல மனுஷர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். பட்டனை அவர் அழுத்துவார், ஆளை நிறுத்துவதை எங்களிடம் விட்டுவிடுவார்.

ஒரு காலை வேளையில் பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு கணவன், மனைவி வந்தார்கள். அவர் கடலுக்குப் போகிறவர், இருமலாகவே இருந்தார். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது, ஏழு எட்டு மாசம் இருக்கும். டாக்டர் மார்புப் படம் எழுதியிருந்தார். நான் அவர் பெயரைக் கூப்பிட்டதும் அவள்தான் எழுந்தாள், அவர் தோளைத் தட்டி எழுப்பினாள், இருவரும் சேர்ந்தே கதவுவரை வந்தார்கள்.

"நீங்க உள்ளே வரக்கூடாதும்மா, வயித்துல குழந்தை இருக்கு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாக்கா சொல்ற? அவருக்குக் காது கேக்காது. பேச்சும் வராது. நான் இல்லாம எங்கியும் உள்ளே போனதில்ல."

"ஈயத்துணி குடுப்பாங்களே, அதைப் போட்டுக்கினு நிக்கறேன்" என்றும் சொன்னாள். எங்கள் டெக்னீஷியன் தலையை ஆட்டி மறுத்தார். "வேண்டாம்மா. ரெண்டு நிமிஷ வேலை. நாங்க பாத்துக்கறோம்."

அவள் கணவனைத் திருப்பி, தன் வயிற்றைத் தொட்டு, கதவைக் காட்டி, விரலை ஆட்டினாள். அவர் புரிந்துகொண்டு என்னோடு வந்தார். வாசலைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவரை நிறுத்துவதில் சிரமமே இல்லை. கை பட்ட இடத்தில் உடம்பு அப்படியே திரும்பியது. மூச்சுக்கு மட்டும் என்ன செய்வது? அவர் பக்கத்தில் நின்று என் மார்பை உப்பிக் காட்டி, உதட்டை மூடிக் காட்டினேன். தலையாட்டினார். நான் ஓடி மறைப்புக்குப் பின்னால் போனேன். டெக்னீஷியன் பட்டனை அழுத்தினார்.

திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. நான் ஓடி வருவதற்குள் அவர் மூச்சை விட்டிருக்கிறார். நுரையீரல் பாதிதான் விரிந்திருந்தது.

"இதை வெச்சு டாக்டர் ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொண்ணு எடுக்கணும்" என்றார் டெக்னீஷியன். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஆனா இன்னொண்ணுதான். திரும்பத் திரும்ப அந்த மனுஷனைக் கதிர்ல நிறுத்த முடியாது. யோசிச்சுச் செய்யுங்க."

அங்கே நின்றுகொண்டிருந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சொன்னபடியே மோவாயைத் தூக்கி, கைகளை இடுப்பில் வைத்து, பலகையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். முடிந்ததா இல்லையா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே போய் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். அப்புறம் வெளியே அவளிடம் போனேன்.

"மூச்சு விடாம இருன்னு அவருக்கு எப்படிச் சொல்வீங்க?"

அவள் யோசித்தாள். "மூச்சு விடாம இருன்னு நான் ஏங்கா சொல்லப்போறேன்?" என்றாள். பிறகு கண் விரிந்தது. "இரு இரு. வலை கல்லுல மாட்டிக்கினா இவருதான் உள்ளே முழுகி எடுப்பாரு. எவ்ளோ நேரம் வேணா இருப்பாரு, போட்டுல கீறவங்களே பயந்துடுவாங்களாம். அதைச் சொல்லும்போது இப்டிப் பண்ணுவாரு." கன்னத்தை உப்பி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து, மற்றக் கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கீழே இறக்கினாள்.

"மேல வரதுக்கு?"

உள்ளங்கையைத் திருப்பி மேலே தூக்கினாள். தூக்கும்போதே அவள் முகம் மலர்ந்தது. வேண்டுமென்று செய்ததில்லை, அந்தச் சைகையோடு சேர்ந்தே அந்த மலர்ச்சியும் வரும்போலிருக்கிறது.

சைகை கிடைத்துவிட்டது. ஆனால் அவர் பலகையைப் பார்த்து நிற்பார், நாங்கள் பின்னால் இருப்போம். எப்படிக் காட்டுவது? திருவல்லிக்கேணிக்காரிதான், "அக்கா, லைட்டு" என்றாள். அறை விளக்கின் சுவிட்ச் எங்கள் மறைப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அணைத்தால் முழுகு, போட்டால் மேலே வா.

கதவைத் திறந்து வைத்து, வாசலில் அவளை நிற்க வைத்தோம். அவள் அங்கிருந்தே கணவனுக்கு எல்லாவற்றையும் சைகையில் சொன்னாள். விளக்கைக் காட்டினாள், முழுகிக் காட்டினாள், விளக்கைக் காட்டினாள், மேலே வந்தாள். அவர் சிரித்துவிட்டார். அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

ஒத்திகை பார்த்தோம். என் ஜோடி விளக்கை அணைத்தாள். உடனே அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம், டெக்னீஷியனும்தான். நான் அவர் கையை மெதுவாக எடுத்து மறுபடி இடுப்பில் வைத்து, அதன்மேல் தட்டினேன். இது இங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். புரிந்தது. அடுத்த ஒத்திகையில் கை அசையவில்லை. ஆனால் இருமல் வந்துவிட்டது.

இருமி முடியும்வரை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இருமலின் அதிர்வு உள்ளங்கைக்கு வந்தது. நிற்கப்போகிறது என்று நினைத்தால் அடியிலிருந்து இன்னொன்று எழும். அதையும் போகவிட்டேன். டெக்னீஷியன் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் விலா எலும்புகள் என் கைக்கடியில் சீராக ஏறி இறங்கின. தோள்களை முன்னால் தள்ளிச் சரி செய்துவிட்டு, முதுகில் ஒருமுறை அழுத்தினேன். மறைப்புக்குப் பின்னால் போய் கதவை மூடச் சொன்னேன்.

விளக்கு அணைந்தது. மிஷினின் சின்ன வெளிச்சம் மட்டும் அவர் முதுகில் சதுரமாக விழுந்திருந்தது. மூச்சை இழுத்ததில் முதுகு அகலமாவது அந்தச் சதுரத்துக்குள் எங்களுக்குத் தெரிந்தது. அப்படியே நின்றது. துளி அசைவில்லை. பட்டன் அழுந்தியது.

"லைட்டு! லைட்டு!" என்று நானே கத்தினேன். ஜோடி சுவிட்சைத் தட்டினாள். அவர் மூச்சை விட்டார், நாங்களும் விட்டோம்.

படம் தெளிவாக வந்தது. டெக்னீஷியன் திரையைப் பார்த்து, "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இவ்ளோ மூச்சு இழுக்க மாட்டாங்க" என்றார். வெளியே அவள் நாற்காலியில் உட்காராமல் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, அவளுக்கு முழுகி எழுந்து காட்டினார். "தனியாவே பண்ணிட்டியா?" என்று வாய்விட்டுக் கேட்டு, சைகையிலும் கேட்டாள். அப்புறம் அவர் தோளில் நெற்றியைக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டாள். நான் அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டேன்.

நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகவும், மருந்தில் சரியாகிவிடும் என்றும் டாக்டர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி படம் எடுக்க வந்தார். இந்தத் தடவை தனியாக. அவளைக் காணோமே என்று நான் பார்த்ததைக் கவனித்துவிட்டார். இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல் ஆட்டினார். காது மடலைத் தொட்டுக் கம்மலைக் காட்டினார். பெண் குழந்தை.

"அப்படியா!" என்றேன், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து.

அவருக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. மேலேயிருந்து ஏதோ தட்டோ பாத்திரமோ தரையில் விழுவதாகக் கையால் காட்டினார். உடனே இரண்டு கைகளையும் விரித்து, உடம்பு தூக்கிவாரிப்போட, உதட்டைப் பிதுக்கி அழுதார். என் முகத்தைப் பார்த்தார். புரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி பாத்திரத்தைப் போட்டார், மறுபடி திடுக்கிட்டு அழுதார். பிறகு தன் காதைத் தொட்டு இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, தொட்டிலைக் காட்டி, காதைத் தொட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மொழிபெயர்க்க அவள் பக்கத்தில் இல்லை. எனக்கே புரிந்துவிட்டது. நானும் என் காதைத் தொட்டுத் தலையாட்டினேன். உதடு ஒருபக்கம் இழுத்துக்கொள்ள, அவர் தன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் தயாராகும்வரை நாங்கள் இருவரும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றோம். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.