ரொறன்ரோவில்தான் இருக்கிறார் சூசைதாசன்

சூசைதாசன் ரிமோட்டைச் சட்டை நுனியால் துடைத்து, நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தொலைக்காட்சியில் தெரியும் வாசகத்தை உரத்து வாசிக்கிறார். "இந்த ஆட்டம் உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது." பூசையில் வாசகம் கேட்டவரைப்போல ஒருமுறை தலையாட்டுகிறார். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி துடைத்து, மறுபடி அழுத்துகிறார். மனம் மாறுவதற்குத் தொலைக்காட்சிக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. திரை கறுப்பாகவே இருக்கிறது. இவர் மேலே ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி அணியின் நீல ஜேர்சியும் கீழே கட்டம்போட்ட சாரமும் அணிந்து, பாதி மைதானத்திலும் பாதி வீட்டிலுமாக நிற்கிறார்.

வீடு ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம். ஆட்டம் நடக்கும் அரங்கு அதே நகரத்தில். பஸ்ஸும் ரயிலும் மாறி ஏறினால் ஆட்டம் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். உள்ளே போவதற்கான ரிக்கற்றின் விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி ரயிலேறுவார்கள் என்பது வேறு விஷயம்.

அவருடைய தொழில், பாடசாலை பஸ் ஓட்டுவது. காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, மாலையில் இறக்கியவர்களை ஏற்றி, மிச்ச நேரத்தில் ஹொக்கியைப் பற்றிச் சிந்திப்பார். அவருடைய ஆங்கிலமே ஹொக்கி வர்ணனையாளர்கள் கற்றுக் கொடுத்ததுதான். நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை, வெளியே போகச் சரியான சப்பாத்தும் இருக்கவில்லை, அறையில் ஒரு பழைய தொலைக்காட்சி மட்டும் இருந்தது. அதனால் இன்றைக்கும் அவர் ஆங்கிலம் பேசினால் மூச்சுவிடாமல் ஓடும், வசனம் முடியும் இடத்தில் குரல் கூரையைத் தொடும். வங்கியில் போய் நின்று பேசினால் யாரோ கோல் அடித்துவிட்டதாகப் பின்வரிசை திரும்பிப் பார்க்கும். பஸ்ஸில் எழுந்து நிற்கும் பிள்ளைக்கு "டூ மினிட்ஸ்!" என்பார். முன் ஆசனம்தான், ஹொக்கியில் பிழை விட்டவனை இரண்டு நிமிடம் அடைத்துவைக்கும் தண்டனைப் பெட்டி. வீட்டிலும் அந்தச் சட்டம் உண்டு. ஆனால் மனைவி அருள்மலருக்குத் தண்டனை கொடுக்கும் துணிவுள்ள நடுவர் இன்னும் பிறக்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அவரை எல்லோரும் "கோச்" என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் கோப்பிக் கோப்பையோடு நிற்கும் பிலிப்பைன்ஸ்காரரும் ஜமேக்காக்காரரும் நம்மவர்களும், முதல் நாள் ஆட்டத்துக்குத் தீர்ப்பு வேண்டி அவர் வரும்வரை காத்திருப்பார்கள். காத்திருந்தார்கள் என்று எழுதவேண்டும். ஏனென்றால் இந்த வருடம் கோச் ஆட்டம் பார்க்கவில்லை.

காரணம் மகள் றெபேக்கா. அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவள், போகும்போது தகப்பன் வீட்டுக் கேபிளை வெட்டிவிட்டுப் போனாள். "அப்பா, நோபடி ஹாஸ் கேபிள் எனிமோர். இதிலை எல்லா டீமும் வரும், எல்லா கேமும் வரும்" என்று ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவைக் கட்டி, ரிமோட்டில் அழுத்தவேண்டிய பொத்தானுக்குச் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டினாள். எல்லாம் வந்தது. வெயில் ஊர்களில் பனிக்கட்டி உறையவைத்து ஆடும் அணிகள் வந்தன, பெயரை வாயில் போட்டு உருட்டவேண்டிய ஊர்களின் அணிகள் வந்தன. ரொறன்ரோ மட்டும் வரவில்லை. கோச் தரிப்பிடத்துக்குப் போய், ஒஹாயோவில் ஓர் அணியின் மூன்றாம் வரிசை ஆட்டக்காரர்களைப் பற்றி விளக்கினார். ஜமேக்காக்காரர் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பஸ்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அருள்மலரின் தம்பி எட்வேட் கல்கரியில் இருக்கிறான். அதே கம்பனி, அதே சந்தா. ரொறன்ரோ ஆட்டம் அவனுக்குக் கண்ணாடிபோல வருகிறது. எட்வேட்டுக்கு ஹொக்கி தெரியாது. தெரியாது என்பதில் அவனுக்கு வெட்கமும் கிடையாது. மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அவன் ஃபோனில் வர்ணனை சொல்ல, சூசைதாசன் கறுத்த திரையைப் பார்த்தபடி கேட்பார்.

"அத்தான், எங்கடை ஆள் ஒருத்தன் மற்றவனை வேலியோடை வச்சுச் சாத்திப்போட்டான்!"

"எந்த ஆள்? நம்பரைச் சொல்லு மச்சான்."

"நம்பர் வடிவாத் தெரியேல்லை. தாடி வச்சவன்."

"எல்லாருந்தான்ரா தாடி வச்சிருக்கிறாங்கள்!"

"அப்ப எல்லாருந்தான் அடிபடுறாங்கள். கொஞ்சம் பொறுங்கோ, அடுப்பிலை கறி கிடக்கு."

அவன் கறியைக் கிண்டிவிட்டு வருவதற்குள் இரண்டு கோல் விழுந்திருக்கும். யார் அடித்தது என்று கேட்டால், "நான் வரேக்கை கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவங்கள்" என்பான். ரேடியோவில் கேட்கலாமே என்று அருள்மலர் ஒருநாள் கேட்டுவிட்டார். "கேக்கிறதுக்கு உம்மடை தம்பி காணாதோ? எனக்குப் பாக்கவேணும்" என்றார் சூசைதாசன். பக்கத்து வீட்டில் கேபிள் இருக்கிறது, போய் இருந்து பார்க்கலாமே என்றதற்கு இன்னும் கோபம் வந்தது. "காசு கட்டிப்போட்டு அயலட்டையிலை போய்க் கதிரை நுனியிலை குந்தியிருக்கச் சொல்லுறீரோ?"

ஆகவே அவர் கம்பனிக்கு ஃபோன் எடுத்தார். மறுமுனையில் அன்ட்ரூ என்று ஒரு பொடியன், குரலில் மிகுந்த பணிவு. "நீங்கள் இருக்கும் இடம் காரணமாகத்தான் ஐயா" என்றான். அத்தோடு அழைப்பு துண்டிக்கப்பட்டது. இன்னொருவராக இருந்தால் மறுபடி எடுத்து என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார். சூசைதாசனுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. இருக்கும் இடம் சம்பந்தமாக இந்த நாட்டில் ஒருவன் கேள்வி எழுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நம்பவில்லை.

நம்ப வைப்பதில் அவருக்கு இணையான ஆள் வோபர்னில் இல்லை. முன்பு அகதி விசாரணையில், தப்பி வந்த வீட்டின் கதவு என்ன நிறம் என்று மூன்று தரம், மூன்று விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். மூன்று தரமும் பச்சை என்றார். அவரோடு வந்தவன் ஒருத்தன் ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்கு வருடக்கணக்காக இழுபட்டான். அன்றிலிருந்து சூசைதாசன் சொன்னதை மாற்றாதவர், ஒரு கடுதாசியை எறியாதவர். பெட்டிக் கடைக்குப் போவதானாலும் பொக்கற்றில் இரண்டு வகை அடையாள அட்டை இருக்கும். "எழுத்திலை இருக்கோ? அப்ப பயப்பிடத் தேவையில்லை" என்பது அவர் எந்த வியாதிக்கும் சொல்லும் மருந்து.

எனவே கம்பனிக்கு எழுத்தில் போனது. சாரதி அனுமதிப் பத்திரம், காஸ் பில், தண்ணீர் பில், வீட்டு வரி, குடியுரிமைச் சான்றிதழ், பஸ் கம்பனியின் கடிதம் எல்லாம் போயின. கடைசியாகப் பங்குத் தந்தையிடமும் போய், இந்தக் குடும்பம் இப்பங்கில் நெடுங்காலமாக வசித்து வருகிறது என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கினார். எதற்கு என்று சுவாமி கேட்டார். "ஹொக்கிக்கு, சுவாமி." சுவாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்லொழுக்கமுள்ளவர் என்றும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் ரொறன்ரோ வதிவிடம் முழுமையாக உறுதிசெய்யப்பட்டது, மிக்க நன்றி. சூசைதாசன் அதை அருள்மலருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அன்று மாலை ரோல்ஸ் பொரித்தார்கள். ரிமோட்டை நன்றாகத் துடைத்து அழுத்தினார். ரொறன்ரோ ஆட்டம் கறுப்பு. அதோடு, அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த பக்கத்து நகரத்து அணி ஒன்றும் கறுப்பு. விலாசம் இன்னும் துல்லியமாகக் கிடைத்ததில், கம்பனி இன்னும் துல்லியமாக அடைத்துவிட்டது.

இந்த முறை அன்ட்ரூ ஆறுதலாக விளக்கினான். உள்ளூர் ஆட்டத்தை உள்ளூரில் காட்டும் உரிமையை வேறொரு கேபிள் சனல் வாங்கியிருக்கிறது. ஆகவே உள்ளூர்க்காரர்களுக்கு இந்தச் சந்தாவில் காட்டமுடியாது. தூர இருப்பவர்களுக்குக் காட்டலாம்.

"அப்படியென்றால் நான் கிட்ட இருப்பதுதான் பிழையா?"

"பிழை என்று சொல்லமாட்டேன், ஐயா."

"நான் ரொறன்ரோக்காரன் என்றபடியால் ரொறன்ரோவைப் பார்க்கமுடியாது?"

"நீங்கள் அனுப்பிய ஆவணங்கள் மிகச் சிறப்பாக இருந்தன, ஐயா. எங்கள் பிரிவில் எல்லோரும் பார்த்தோம்" என்றான் அன்ட்ரூ.

ஃபோனை வைத்துவிட்டு அவர் அருள்மலரிடம் சொன்னார்: "முப்பது வருசமா இஞ்சை இருக்கிறன் எண்டு காட்டத்தான் கஷ்டப்பட்டன். இப்ப இஞ்சை இல்லை எண்டு காட்டினாத்தான் காரியமாம். உது என்ன கதை?"

அது பருவத்தின் கடைசி ஆட்டம் வரை கதையாகவே இருந்தது. அந்த ஆட்டத்தில் வென்றால்தான் ரொறன்ரோ அடுத்த சுற்றுக்குப் போகும். தரிப்பிடத்தில் முதல் நாளே ஜமேக்காக்காரர் தோளில் தட்டி, "கோச், நாளை மறுநாள் காலையில் எங்களுக்கு முழுக்கதையும் வேண்டும், ஒஹாயோ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எட்வேட்டுக்கு அன்று பின்னேர ஷிஃப்ட். அரைகுறை வர்ணனைக்கும் வழியில்லை. சூசைதாசன் ஜேர்சியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

அப்போதுதான் அஜக்ஸிலிருந்து றெபேக்கா ஃபோனில் வந்தாள்.

"அப்பா, ஜஸ்ட் சேஞ்ச் த லொக்கேசன். மாமான்ரை கல்கரி அட்ரஸைப் போட்டிட்டன். ரீவியிலை ஒரு கேள்வி வரும், யெஸ் எண்டு அமத்துங்கோ. தட்ஸ் இட்."

"பொய்யெல்லே பிள்ளை?"

"எவ்ரிபடி டஸ் இற், அப்பா."

"எல்லாரும் செய்தவங்கள் எண்டு விசாரணையிலை சொல்லேலுமே?"

"என்ன விசாரணை? இட்ஸ் ஹொக்கி!" என்று சொல்லி, குழந்தை அழுவதாக ஃபோனை வைத்துவிட்டாள்.

கேள்வி வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. உங்கள் வீடு கல்கரியில் உள்ளது என்பதை உறுதிசெய்யவும். கீழே ஆம், இல்லை. சூசைதாசன் கண்ணாடியை இறக்கி வாசித்தார். உரத்து வாசிக்கவில்லை. முதல் பகுதி ஆட்டம் முடிந்தது. அவர் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பகுதி தொடங்கியது. துடைத்துக்கொண்டே இருந்தார். சிவப்பு ஸ்ரிக்கர் கழன்று வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ" என்று குசினியிலிருந்து அருள்மலர் எட்டிப்பார்த்தார். "அமத்தினா என்ன? சிற்றிசனைப் புடுங்கவே போறாங்கள்?"

"நீர் சும்மா இரும். உப்பிடித்தான் எல்லாம் தொடங்கிறது."

"அப்ப இல்லை எண்டு அமத்துங்கோ. அமத்திப்போட்டு வந்து சாப்பிடுங்கோ. உந்தப் பந்துக்குப் போய்..."

"பந்தில்லை, பக். றப்பர் வட்டு."

"என்ன கோதாரியோ. அதுவும் வட்டமாத்தானே கிடக்கு."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல் வந்தது. மகிழ்ச்சியா ஓலமா என்று தெரியவில்லை. ரொறன்ரோ ரசிகர்கள் இரண்டையும் ஒரே சுருதியில்தான் எழுப்புவார்கள். சூசைதாசன் சுவரில் காதை வைத்தார். கதிரை இழுபடும் சத்தம், யாரோ கைதட்டும் சத்தம், பிறகு அமைதி. காதை எடுத்து, திரைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, நெற்றியில் சிலுவை போட்டு, "ஆம்" என்பதை அழுத்தினார்.

வெளிச்சம் அறையெல்லாம் பரவியது. வெள்ளைப் பனிக்கட்டி, நீலச் சட்டைகள். அணிக்கு இரண்டு கோலோடு சமநிலையில் கடைசிப் பகுதி தொடங்குகிறது. நடுவர் பக்கைக் கையில் வைத்துக்கொண்டு குனிகிறார். "அருள், இஞ்சை ஓடியாரும்!" என்று கத்தினார். அருள்மலர் துவாயில் கையைத் துடைத்தபடி வந்து சோபாவில் அமர்ந்து, தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

சூசைதாசன் அமரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து, சாரத்தை மடித்துக் கட்டி அதன்மேல் ஏறி, வீட்டுத் தரகர் ஒருவர் தன் சிரித்த முகத்தை அச்சடித்துக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். பின்பக்கத் திருகைப் பிடித்து, முட்களை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றி, இரண்டு மணித்தியாலம் குறைத்து, கல்கரி நேரத்துக்கு வைத்தார். மாட்டினார். கோணலா என்று தலையைச் சரித்துப் பார்த்து நிமிர்த்தினார். அதன் பிறகுதான் இறங்கி வந்து அருள்மலருக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.