வேலந்தாவளத்தில் காயவைக்கப்பட்ட கல்

என் கணவர் கல்லூரியில் கனிமவியல் கற்பித்தவர். அவர் வைத்திருந்த ஆட்டுனைட் கல்லை வேலந்தாவளம் பக்கம் ஒரு தனியார் கண்காட்சிக்கு ஓராண்டு இரவல் கொடுத்திருந்தேன். கெடு முடிந்ததும், பிப்ரவரியில், திரும்ப வாங்கப் போனேன்.

நான் இருக்கும் சக்குபள்ளத்தில் காலை 5.10க்கு வாடகைக் கார். கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி வழியாக 284 கிலோமீட்டர். வாடகை 7,800 ரூபாய். பழனியில் இட்லி நன்றாக இருந்தது, கழிப்பறையைப் பற்றி எழுத விருப்பமில்லை. வேலந்தாவளத்தில் அன்று மாட்டுச்சந்தை. கடைசி ஒரு கிலோமீட்டருக்கே 25 நிமிடம். போய்ச் சேர்ந்தபோது 12.20.

ஆட்டுனைட் யுரேனியம் உள்ள கனிமம். என்னுடையது நகத்தளவு, பச்சை கலந்த மஞ்சள். தாள் தாளாக அடுக்கிய படிகம். தாள்களுக்கு நடுவே கால்சியமும் தண்ணீரும் இருக்கும். வறண்டால் தண்ணீர் வெளியேறி, அடுக்குகள் நெருங்கி, கல் மங்கி உதிரும். பிறகு அது வேறு கனிமம், மெட்டா-ஆட்டுனைட். அதனால் மூடிய புட்டியில், கல்லில் படாமல், ஈரப்பஞ்சு வைக்க வேண்டும். அவர் இறந்தபின் ஆறு வருடம் நான் அந்தப் பஞ்சை நனைத்தேன். கொடுக்கும்போது இதையெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதியும் கொடுத்தேன்.

புட்டியைக் காணோம். கண்ணாடிப் பெட்டிக்குள், சூடான விளக்கின் கீழ், வெளிறிய தூள். சுற்றிலும், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், நான்கு.

"பஞ்சு பூசணம் புடிச்சிருமுன்னு எடுத்துப்போட்டு, நல்லாக் காய வெச்சுப் பத்திரமா வெச்சிருக்கறமுங்க" என்றார் பொறுப்பாளர், பெருமையாக.

"என் கடிதம்?"

"ஃபைல்ல இருக்குதுங்க."

"படிச்சீங்களா?"

"பெரிய லெட்டருங்கம்மா."

பெட்டியைத் திறந்தார். "ரெண்டு சொட்டுத் தண்ணி உட்டா பழையபடி ஆயிருமுங்க" என்று தூளை ஊதக் குனிந்தார்.

"ஊதாதீங்க. மூச்சுல போனா ஆபத்து உங்களுக்குத்தான். மூடுங்க. இது திரும்பாது."

தூளைக் காரில் ஏற்ற மாட்டேன் என்றேன். கையாளத் தெரிந்த ஆய்வகத்தில் ஒப்படைக்கச் சொன்னேன். பெயர் அட்டையில் 'ஆட்டுனைட்' என்பதை அடித்து 'மெட்டா-ஆட்டுனைட், இங்கே உலர்ந்தது' என்று எழுதினேன். கீழே இருந்த என் கணவரின் பெயரையும் அடித்தேன். அவர் வைத்திருந்தது இதுவல்ல.

புட்டி பொறுப்பாளரின் மேசையில் இருந்தது, உள்ளே பேனாக்களோடு. கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

போகிறவர்கள் சந்தை நாளைத் தவிருங்கள். கல்லை இரவல் கொடுப்பவர்கள் கடிதத்தை நம்பாதீர்கள். எதிரே உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். அந்த ஓராண்டில் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. தூரம் என்று சொல்லிக்கொண்டேன். ஏழு மணி நேரம்தான்.