தேதி ஆளும் ஊர்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பது வயதுக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "நான் இப்போது மலையேறுகிறேன்" என்கிறார்கள். யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. பகடையை உருட்டி, ஏறினார்களா விழுந்தார்களா என்று பார்க்கிறார்கள். ஜெயிப்பவர் தோற்பவர் கிடையாது. முதல் நாள் பார்த்தபோது, போர்ச்சுகல்காரர்களுக்கு வேலை குறைவு என்றுதான் நினைத்தேன்.

என்னை அழைத்துப் போனவள் மார்த்தா. நான் துணி வெட்டும் பனியன் கம்பெனியில் அவள் சாம்பிள் தைக்கிறாள். அவளும் தம்பி ரூயியும் இன்னும் இரண்டு பேரும் ஆட்டத்துக்கான உலகத்தையே தாங்களாக உண்டாக்குகிறார்கள். வெள்ளைத்தாளில் பென்சிலால் ஆளுக்கு ஓர் இடம் வரைய வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டால் அதன்மேல் மை போடுவார்கள். ஒருவர் மறுத்தாலும் அழித்துவிடுவார்கள். ரூயியின் டிராகன் மலைக்கு மை போட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

என் முறை வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், தெரிந்த ஊரை வரைந்து சொன்னேன். அங்கே ஒரு சட்டையை யாரும் முழுதாகச் செய்வதில்லை. நூல் ஒரு தெருவில் துணியாகும், இன்னொன்றில் சாயமேறும், வேறொன்றில் சட்டையாகும், பொத்தானுக்குக் காஜா எடுக்க மறுபடி வண்டியேறும். நேற்றுத் தைத்தவர் இன்று முதலாளி. திருப்பூரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை.

ரூயி தலையை ஆட்டினான். "தையல்காரி முதலாளி ஆவதா? நம்புகிற மாதிரி இல்லையே."

டிராகனை நம்புகிறவன் அவன். என் ஊரின்மேல் அழிப்பானை வைத்தபோது எனக்குச் சுருக்கென்றது. முதலிபாளையத்தில் நான்கு மெஷின் போட்டு, பதினான்கு மாதம் ஓட்டி, மூடியவன் நான். அந்தத் தோல்வி என் கணக்கு, ஊரின் கணக்கல்ல. அந்த ஊரே பொய் என்று ஒருவன் அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த நான்கில் ஒரு மெஷினில் தைத்தவள் செல்வி. நான் மூடியபோது அதையே வாங்கிக்கொண்டாள். இன்று பன்னிரண்டு மெஷினுக்குச் சொந்தக்காரி. வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமையும் ஷிஃப்டுங்களா?"

"வெளையாட்டு, அம்மணி. டெய்லரா இருந்து நீ மொதலாளி ஆனத இங்க நம்ப மாட்டீங்கறாங்க."

"எங்கூட்டுக்காரரே இன்னும் நம்பலீங்க" என்றவள் போனைத் திருப்பினாள். வரிசையாக மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படியானால் அந்த ஊருக்கு ராஜா யார் என்று மார்த்தா கேட்டாள். செல்விக்குச் சொன்னேன்.

"ராஜாவெல்லாம் ஏதுங்க? ஷிப்மென்ட் தேதிதான். அது வந்துட்டா மொதலாளியும் ஓடோணும், டெய்லரும் ஓடோணும்."

மொழிபெயர்த்தேன். மார்த்தா சிரிக்கவில்லை, அவளும் சாம்பிள் தைக்கிறவள்தானே. "ஒரு தேதி ஆளும் ஊர்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ரூயியே மைப்பேனாவை எடுத்தான்.

செல்வி விடவில்லை. "ணா, மெஷினுக்குக் கரண்டுங்க? பொங்கலூர்ப் பக்கம் இருக்கறாப்பல காத்தாடி போடச் சொல்லுங்க."

ரூயி தன் மலையடிவாரத்தில் ஏழு காற்றாடிகள் வரைந்தான். டிராகன் பறக்கிற காற்றில் அவை சுற்றுமாம். என் ஊர் அவன் மலையைவிடப் பெரிதாகத் தாளில் நின்றது. அன்று மேசையில் என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தவர் யாருமில்லை.

பிறகுதான் மார்த்தா இன்னொரு விதியைச் சொன்னாள். ஊரை உண்டாக்கியவர்தான் அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்காகவும் பேச வேண்டும். அதனால் ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக ஊர்சுற்றும் பயணி மட்டும் உள்ளே போகக் கூடாது. மற்ற நால்வரும் என் ஊருக்குள் நுழைந்தார்கள். சாயக்காரராக, டெய்லராக, டீ ஊற்றுபவராக, ஒவ்வொருவராக நான்தான் அவர்களை "வாங்க, வாங்க" என்றேன். என் பயணி மூட்டையோடு எல்லைக்கு வெளியே நின்றிருந்தான்.