சண்டிலிப்பாயில் ஒரு பலெர்மோ

போன வாரம் எங்கள் குளியலறைத் தரைக்குச் சீமெந்தில் சிவப்புத் தூள் குழைத்தார்கள். ஈர மண்ணும் துருவும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேனென்று மேசன் முகத்தை நீட்டிக்கொண்டார். எனக்கு அது இத்தாலியின் வாசனை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் இத்தாலிக்குப் போனதுமில்லை.

இளந்தாரியாக இருந்த காலத்தில் இணுவிலில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வீட்டுப் படம் கீறிக்கொண்டிருந்தேன். கோடு நேராக விழும். அதற்கு மேல் திறமை இருந்ததாக ஞாபகமில்லை. ஒருநாள் திலகன் அண்ணை வந்தார். பலெர்மோ என்ற இத்தாலியக் கடலோர நகரத்தில் இருபது வருடம் ஒரு பழைய மாளிகையைக் கூட்டித் துடைத்தவர். சண்டிலிப்பாயில் காணி வைத்திருந்தார். மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்து, "உந்தத் தேவாலயம் மாதிரி எனக்கொரு வீடு வேணும்" என்றார்.

படத்தில் பெரிதாக நின்றது அண்ணைதான். பின்னால் ஒரு கல் கட்டடம். அதன் உச்சியில் இடப்பக்கம் ஒரு சிவப்புக் குமிழ், வலப்பக்கம் ஒரு சிவப்புக் குமிழ். நடுவில் அண்ணையின் தலை.

"நடுவிலையும் ஒண்டு இருக்கோ அண்ணை?"

இருபது வருடம் அதைக் கடந்து வேலைக்குப் போனவர், யோசித்தார். பிறகு பலெர்மோவிலேயே இருந்த மனைவி கமலா அக்காவுக்குப் போன் எடுத்தார். "குமிழ் எத்தினை எண்டு ஒருக்கா எண்ணிச் சொல்லும்." ஏனென்று அக்கா கேட்டிருக்கவேண்டும். "சும்மாதான்" என்று வைத்துவிட்டார். மறுநாள் பதில் வந்தது: மூன்று.

அக்காவுக்கு அந்த நகரம் பிடித்துப்போய்விட்டது, இனி ஊருக்கு வரமாட்டா என்பது அவருடைய பயம். ஆகவே நகரத்தை இங்கே கொண்டுவரத் தீர்மானித்திருந்தார்.

"அரபுக் கொத்தர்மார் நோர்மன் ராசாமாற்றை காலத்திலை கட்டினது, தம்பி. வளைவெல்லாம் நுனியிலை கூர். பக்கத்திலை உலகச் சண்டையிலை குண்டு விழுந்த மாளிகையள் அப்பிடியே நிக்குது, எங்கடை வீடுகள் மாதிரி."

நான் கீறிய கூர் வளைவு மாங்காய் போல வந்தது. "ஓம், உதுதான்" என்று அண்ணை கண்கலங்கினார்.

குமிழுக்கு அச்சு வேண்டுமே. மேசன் மார்க்கண்டர் பக்கத்துக் கோயிலில் அன்னதானச் சோறு சமைக்கும் பெரிய கிடாரத்தை இரவல் வாங்கி, கூரைத் துவாரத்தின்மேல் கவிழ்த்து, அதன்மேல் சிவப்புத் தூள் குழைத்த சீமெந்து பூசினார். காய்ந்ததும் கிடாரத்தைக் கீழால் இறக்குவது திட்டம். நான் கீறிய துவாரமோ கிடாரத்தின் வாயைவிட ஒரு சாண் சின்னது. அடுத்த வாரம் திருவிழா. "கிடாரம் எங்கை?" என்று தர்மகர்த்தா வந்து நின்றார். எல்லோரும் அண்ணாந்து மேலே காட்டினோம். குமிழை உடைத்துத்தான் எடுத்தோம். மூன்றுதரம் கழுவியும் அந்த வருட அன்னதானச் சோறு இலேசாகச் சிவந்திருந்தது. பிறகு ஈரமண்ணைக் குவித்து அச்சாக்கி மூன்று குமிழையும் முடித்தோம்.

வீடு முடிந்ததும் அக்கா வந்திறங்கினா. வாகனத்திலிருந்து ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

"இதென்ன எங்கடை காணியிலை?"

"உமக்காகத்தான்."

"பன்ரண்டு வருசம் உந்தத் தேவாலயத்தைத்தானே நான் கழுவினனான்!"

"காலமை அவ்வளவு வெள்ளனப் போவீர். விருப்பமெண்டெல்லோ நினைச்சன்."

"பிந்தினால் ஏசுவினம்! உதைக் காணாமல் இருக்கவெண்டே ஊருக்கு வர ஆசைப்பட்டனான்."

"நீர் வரமாட்டீர் எண்டு..."

"எப்ப கேட்டனீங்கள்?"

அக்கா படியில் குந்தி, சிரிக்கிறாவா அழுகிறாவா என்று தெரியாமல் குலுங்கினா. நானும் மார்க்கண்டரும் இல்லாத வேலையைத் தேடி வளவின் பின்பக்கம் போனோம்.

ஆனால் அக்கா தங்கிவிட்டா. குமிழ்களுக்குக் கீழே எதைக் கதைத்தாலும் எதிரொலித்து மூன்றுதரம் கேட்கும். அதனால் அண்ணை, கலியாணமாகி முதன்முறையாக, யோசித்துக் கதைக்கப் பழகினார். ஆறு வருடம் அப்படி இருந்தார்கள். பலெர்மோவிலேயே தங்கியிருந்த மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் இருவரும் திரும்பிப் போனார்கள். வீட்டை வாங்கியவர் குமிழ்களை இடித்து மேல்மாடி எழுப்பினார். மார்க்கண்டரும் இப்போது இல்லை.

அந்த நாளில் மினிபஸ் நடத்துநர்கள் அந்த வீட்டு வாசலில் "பலெர்மோ இறக்கம்!" என்று கத்துவார்கள். போன மாதம் அந்த வழி பஸ்ஸில் ஏறி, பழக்கத்தில், "பலெர்மோ ஒண்டு" என்றேன்.

நடத்துநர் என் நரையைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ஐயா, பலாலி ஏர்போட்டுக்குப் போற பஸ் அங்காலை நிக்குது."

சண்டிலிப்பாய் என்று திருத்தாமலே நான் இறங்கிவிட்டேன்.