ஆண்கள் கேட்டு வந்த பெண்களின் குளிசைகள்

மருந்துக் கடையில் நின்று கால் உளைந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆள் குரலைத் தாழ்த்தினால் நாங்கள் முகத்தை மரமாக்கிக்கொள்ள வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு ஃபார்மசியில் பதினொரு வருடமாக நிற்கிறேன். கொஞ்சக் காலமாக ஆண்கள் வந்து, பெண்களுக்கென்று நான் அடுக்கி வைத்த தட்டைக் காட்டுகிறார்கள். சிலர் ஜிம்மில் தசைக்கு ஊசி போட்டு, உடம்பின் சொந்த ஆண் ஹோமோன் சுரப்பு நின்றுபோனவர்கள். சிலர் பிள்ளை வேண்டியவர்கள். பெண் சுரப்பைத் தடுத்தால் மூளை ஆண் சுரப்பை மறுபடி கேட்குமாம். அதற்கு மூன்று குளிசைகள் எழுதுகிறார்கள்.

எத்தனை மான்

குளோமிஃபீன், பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் கொடுப்பது. பாலையூற்று ரஜீவனுக்கு அதை எழுதியிருந்தார்கள். ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர். குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை, காலை பத்து மணிக்கு வந்தவர் வாசலில் ஒதுங்கி நின்றார், யாருக்கோ வழிவிடுவது போல. அங்கே ஒருவரும் இல்லை. எங்கள் ஊர் வீதிகளில் மான்கள் மாடு போலத் திரியும்.

"அக்கா, றோட்டில எத்தனை மான் போகுது?"

"ஒண்டு."

"எனக்கு மூண்டு. முன்னுக்குப் போறதுதான் உண்மையானது எண்டு நினைக்கிறன்."

அந்தக் குளிசை சிலருக்குக் கண்ணில் இப்படிச் செய்யும். இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, அலுமாரிப் பக்கம் போய் டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். கண் கிளினிக்குக்கு அனுப்பினார். சில கிழமையில் பார்வை சரியாகிவிட்டது. ஆனால் அன்று நான் ஃபோனை வைத்தபோது, முதலில் நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு ரஜீவன் சொன்னார்: "நீங்கள் அங்க போயிட்டீங்கள் அக்கா. இங்கயும் இன்னும் நிக்கிறீங்கள்."

ஜன்னல்

தமொக்சிஃபென், மார்புப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. தோப்பூரில் வயல் செய்யும் நசீர் நானாவுக்கு இரண்டாவது கலியாணம், பிள்ளை தங்கவில்லை. குளிசை அட்டையை மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை. முதல் மனைவிக்கு அதே அட்டையை நானேதான் மாதம் மாதம் கொடுத்தேன். அந்த மனுசி அதே நோயில் மவுத்தாகி மூன்று வருடம்.

ஒரு மாதம் கழித்து வந்தார். இரத்தத்தில் சுரப்பு ஏறியிருந்தது, டொக்டருக்குச் சந்தோஷம். உடம்பு எப்படி என்று கேட்டேன். சூடு கிளம்புகிறது என்றார். இந்தக் குளிசைக்கு அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றேன். அவர் பயந்த மாதிரியே இல்லை.

"லுஹர் தொழுகைக்குப் பொறகு உடம்பு சுடுது, ஜன்னலத் திறங்க எண்டு மவுத்தானவ சொல்லுவா. இப்ப சரியா அந்த நேரத்துக்கு நான் எழும்பித் திறக்கிறன், தங்கச்சி. ஆரோட கதைக்கிறீங்க எண்டு புதுப் பொஞ்சாதி கேக்கிறா."

நல்ல றிப்போட்

மூன்றாவது அனஸ்ட்ரோசோல். உடம்புக் கொழுப்பு ஆண் சுரப்பைப் பெண் சுரப்பாக மாற்றாமல் தடுப்பது. இறக்கக்கண்டியில் வள்ளம் வைத்திருக்கும் செல்வம் அண்ணன் பருத்த ஆள். கிழமைக்கு இரண்டு என்று எழுதியதை, கூடப் போட்டால் கெதியில் பலன் என்று யாரோ சொல்ல, தினமும் போட்டிருக்கிறார். கடைக்குள் வரும்போதே முழங்கால் நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரத்தப் பரிசோதனையில் ஆண் சுரப்பு மேலே போயிருந்தது. பெண் சுரப்பு அடிமட்டத்தில். மூட்டுக்கும் மனதுக்கும் ஆணுக்கும் அது கொஞ்சம் வேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முந்தின நாள் அவருடைய சொந்தத் தம்பி வள்ளத்திலிருந்து கடலில் விழுந்தானாம். மற்றவர்கள் குதித்துத் தூக்கினார்கள். தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்ததாகவும், மனதில் ஒரு அவசரமும் வரவில்லை என்றும், மீன் விலை சொல்வது போலச் சொன்னார். உடனே டொக்டரிடம் கூட்டிப்போனேன், குளிசையை நிறுத்தினார். அங்கே போகிற வழியில் செல்வம் அண்ணன் பரிசோதனைத் தாளை விரித்துக் காட்டினார்.

"ஆம்பிளைச் சுரப்பு நல்லம் எண்டு கிடக்கு. அப்ப இது ஆரின்ர றிப்போட், பிள்ளை?"

மூன்றில் எது நல்லது என்று கேட்டுத் தினமும் ஒருவராவது வருகிறார், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பக்கவிளைவுத் தாளை மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.